நடுவில் ஒரு வைக்கோல் போர்

சீரியல் செட் போடுகிறவனுக்கு விளக்கு எரிந்தால் பெயர் கிடையாது. எரியாவிட்டால் ஊர் முழுக்கப் பெயர். ஏணி உச்சியில் நின்றுகொண்டு கீழே இருக்கிற பத்துப் பேரிடம் யோசனை கேட்ட அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், வாருங்கள், நீங்கள் நம்ம கட்சி.

ஊர்வலம் போன ஸ்டார்

சென்னைப் பக்கம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு உளுந்தூர்பேட்டையில் கடை போட்டேன். முதல் கிறிஸ்துமஸ் ஆர்டர் களமருதூரில். வாத்தியார் ஆரோக்கியம் சார் வீடும், ஒரு வீடு தள்ளி அவர் தங்கை ஜெயமேரி அக்கா வீடும் ஒன்றாக மின்ன வேண்டும். இரண்டு மாடிக்கும் நடுவே வயர் இழுத்து, அதில் ஒரு ஸ்டாரும் தொங்கவிட்டேன்.

மறுநாள் நடுவீட்டு வீரமுத்து அண்ணன் டிராக்டரில் வைக்கோல் ஏற்றி வந்தார். லோடு இருந்த உயரத்துக்கு என் வயர் எம்மாத்திரம்? இரண்டு வீடும் இருட்டானது. சிறிது நேரத்தில் அவரே போன் செய்தார்: "தம்பி, உன் ஸ்டாரு என் வைக்கோலு மேல குந்திக்கினு வூடு வரைக்கும் வந்துட்டுது. வந்து எடுத்துக்கினு போ."

பிளக் எதுக்கு?

அடுத்த வருஷமும் ஆரோக்கியம் சார் என்னையே கூப்பிட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு இன்றைக்கும் கும்பிடுகிறேன். இந்த முறை வயர்லெஸ். சார் வீட்டுப் பெட்டி 'இப்போ சிவப்பு, இப்போ பச்சை' என்று காற்றில் சொல்லும். அக்கா வீட்டுப் பெட்டி கேட்டு நடக்கும். இதுவும் சொதப்பினால் கடையை மூடிவிட்டு மறுபடி கம்பெனிக்கே போவது என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் பையை எடுத்துத் துடைத்தே வைத்துவிட்டாள்.

சோதனை பிரமாதம். நான் கடைக்குத் திரும்புவதற்குள் போன்: அக்கா வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லையாம். வேர்க்க விறுவிறுக்க ஓடிப்போய்ப் பார்த்தால், பிளக் தரையில் கிடக்கிறது. சைகைதான் காற்றில் வரும், கரண்ட் வராது என்று விளக்கினேன். அக்கா என்னைத்தான் முறைத்தார்: "வயரே வேணாம்னு நீதான சொன்ன? அப்பறம் பிளக் எதுக்குன்னு புடுங்கிப் போட்டுட்டேன்."

ஈரம்

பிறகு இரண்டு நாள் மழை. இருபத்து நான்காம் தேதி மதியம் போட்டுப் பார்க்கிறேன். அண்ணன் வீடு சிவப்பில் இருக்க, தங்கை வீடு பச்சையிலேயே நின்றுவிட்டது. பெட்டியை மாற்றினேன், ஆன்டெனாவைத் திருப்பினேன், என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில்தான் நடுவீட்டு வைக்கோல் போர் கண்ணில் பட்டது. மாடி உயரத்துக்கு, மழையில் ஊறி, குறுக்கே நின்றது. காய்ந்திருந்தபோது வழிவிட்ட வைக்கோல், நனைந்ததும் சிக்னலைக் குடித்துவிட்டது.

சாயங்காலம் ஏழு மணிக்குச் சர்ச்சிலிருந்து பாட்டுக் குழு வரும். எனக்குத் துடைத்து வைத்த பைதான் ஞாபகம் வந்தது. ஆரோக்கியம் சார் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் தோளைத் தட்டினார்: "வுடுப்பா, அதது இஷ்டத்துக்கு எரியட்டும். நானும் எந்தங்கச்சியும் என்னைக்கு ஒரே மாதிரி பேசியிருக்கறோம்?"

நடுவீடு

வீரமுத்து அண்ணனிடம் சொன்னதும் மனிதர் வேட்டியை மடித்துக் கட்டி, வைக்கோல் அள்ளும் கவையை எடுத்துவிட்டார். "போரப் பிரிச்சிடலாமா?" ஒரு வருஷத்து மாட்டுத் தீனி! வேண்டாம், மாடியில் ஒரு பெட்டி வைக்க இடம் போதும் என்றேன். இந்தப் பக்கம் சிக்னலை வாங்கி அந்தப் பக்கம் தள்ளும் பெட்டி அது. அவர் வீட்டுக் கரண்ட், அவர் வீட்டு மாடி. ஆறரைக்குத் தங்கை வீடு பச்சையிலிருந்து சிவப்புக்கு வந்தது.

ஏணியை எடுக்கப் போனேன். அவர் மனைவி செல்வி அக்கா வாசலில் டீயோடு மறித்தார். கையிலிருந்த கடைசிச் சரத்தை அந்தப் பெட்டியிலேயே சேர்த்து அவர்கள் மாடியிலும் கட்டினேன். ஏழு மணிக்குப் பாட்டுக் குழு வந்து, மூன்று வீடும் ஒரே மூச்சில் மின்னுவதைப் பார்த்து, நடுவீட்டு வாசலிலேயே நின்று பாடியது. பார்த்தவர்கள் எல்லாம் எங்கள் தெருவுக்கும் இப்படியே போடு என்று ஆர்டர் கொடுத்தார்கள். என் கடை தப்பியதும், வீட்டில் அந்தப் பை மறுபடி பரணுக்குப் போனதும் செல்வி அக்கா டீயோடு சொன்ன அந்த வார்த்தையால்தான்: "ரெண்டு பக்கமும் ஜொலிக்கசொல்ல நடுவூடு மட்டும் இருட்டா கெடந்தா நல்லாவா இருக்கும்? எங்களுக்கும் ஒண்ணு போடுப்பா."

இப்போதெல்லாம் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும், முதலில் நடுவீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன்.