கோட்டை பார்க்கப் போனவர்கள்

என் அப்பா வெள்ளியங்கிரி எங்களை மூன்றே மூன்று முறை ஊர் சுற்றிக் காட்டினார். மூன்றும் 1976ஆம் வருஷம் தை மாதத்தில், அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில். அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் குச்சிக்கிழங்கும் கடலையும் போட்டுக்கொண்டு, தேருக்குக்கூட எங்களை அழைத்துப் போகாத மனுஷர் அவர். அவருக்குத் திடீரென்று பிள்ளைகள் மேல் பாசம் வந்துவிட்டது என்று நானும் தம்பி கருப்பண்ணனும் நம்பினோம். எனக்கு அப்போது பதினொரு வயது. இன்றைக்கும் அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் அவர் மேல் கோபம் அதிகமாகிறது.

அப்பாவுக்கு ஒரு பகை இருந்தது. அம்மா கந்தம்மாளின் பிறந்த வீடு ராசிபுரம் பக்கம். அங்கே புது வீடு கட்டிக் குடி புகுந்த அன்று முதல் பந்தியில் அப்பாவுக்கு இலை இல்லை. கை கழுவப் போனவர் வருவதற்குள் பந்தி நிறைந்துவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்த யாரோ ஒருவர், அடுத்த பந்தியில் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. வீட்டு மாப்பிள்ளைக்கு இரண்டாம் பந்தியா என்று சாப்பிடாமல் கிளம்பியவர், ஏழு வருஷம் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அம்மாவையும் போகவிடவில்லை. அந்த வீட்டார் முறையாக வந்து அழைத்தால்தான் போவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர்கள் வந்தபோதெல்லாம் கொல்லை வழியாக எங்கள் கடலைக் காட்டுக்குப் போய்விடுவார். அந்த இலை அவருக்கு வேண்டியதே இல்லை. இலை போடவில்லை என்கிற குறைதான் வேண்டும். அது இருந்தால்தான் அவரால் நிமிர்ந்து நடக்க முடியும்.

இப்படி இருக்கையில் அம்மாவின் ஒரே தம்பி தங்கமுத்து மாமாவுக்கு மாசியில் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடிக்க, மறுமுனையை அவன் கூடப் பிறந்தவள் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். அது நடந்த பிறகுதான் அவன் மணவறைக்குப் போவான். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். அக்காள் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தி நின்றால் அந்த அக்காளைச் செத்தவளோடு சேர்த்த மாதிரிதான். அம்மாவுக்கு அந்தத் தை மாதம் முழுவதும் இதே நினைப்பு. கல்யாண வீட்டார் வெற்றிலைத் தட்டோடு நேரில் வந்து புருஷன் பெண்டாட்டி இருவரையும் வைத்து அழைக்க வேண்டும். அழைத்துவிட்டால் போய்விடலாம்.

முதல் ஞாயிறு சங்ககிரிக் கோட்டைக்குப் போனோம். விடிந்ததும் விடியாததுமாக எங்களைக் கிளப்பினார். மலையேறத் தண்ணீர் வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. இரண்டாவது வாசலில் குரங்கு ஒன்று தம்பி கையிலிருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்து தின்றது. மூன்றாவது வாசலில் தம்பி நடக்கமாட்டேன் என்று படுத்துக்கொண்டான். அப்பா ஒவ்வொரு கல்லையும் காட்டி, திப்பு கட்டியது என்றார். அதற்குமேல் அவருக்கு எதுவும் தெரியாது. மேலே போகாமலேயே இறங்கினோம். ஆனாலும் இருட்டும் வரை வீட்டுக்குத் திரும்பவில்லை. பஸ் நிலையத்தில் சும்மா உட்கார வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுப் பொன்னாயி அத்தை விஷயத்தைச் சொன்னாள். தங்கமுத்து மாமா நான்கு பேரோடு வந்து, பூட்டின கதவுக்கு முன்னால் வாசற்படியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்து போனாராம். அப்பா கூசாமல் அம்மா பக்கம் திரும்பினார்.

"பாத்தயா, நாம இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கான் உன்ற தம்பி" என்றார்.

அடுத்த ஞாயிறு தாரமங்கலம் கோயில். உச்சி வேளையில் போய்ச் சேர்ந்தோம். நடை சாத்திவிட்டார்கள். பெரிய கதவுக்கு வெளியே நின்று, இதுவும் திப்பு கட்டினதுதான் என்றார் அப்பா. பூக்காரி ஒருத்தி சிரித்துவிட்டாள். அவளோடு அரை மணி நேரம் சண்டை போட்டார். கோயிலைப் பார்க்காமலே திரும்பி வந்தபோது எங்கள் வாசற்படியில் வெற்றிலைக் காம்புகள் கிடந்தன. காத்திருந்தவர்கள் போட்டுவிட்டுப் போனவை. அம்மா அவற்றைக் கூட்டித் தள்ளாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை துணி ஊற வைக்கும்போது அப்பாவின் சட்டைப் பையில் இரண்டு தபால் கார்டுகள் இருந்தன. தபால்காரர் எங்கள் கடிதங்களை டீக்கடையிலேயே அப்பாவிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தேன். இரண்டிலும் மாமாவின் கையெழுத்து. வருகிற ஞாயிறு காலை உங்களையும் அக்காவையும் அழைக்க வருகிறோம், தயவுசெய்து வீட்டில் இருக்கவும் என்று முதல் கார்டில் இருந்தது. போன வாரம் நீங்கள் இல்லை, இந்த ஞாயிறு மறுபடி வருகிறோம் என்று இரண்டாவதில். படித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. சங்ககிரியும் தாரமங்கலமும் எங்களுக்காக இல்லை என்பது புரிந்துவிட்டது. அம்மா அழவில்லை. கார்டுகளை மடித்துப் பையிலேயே வைத்துவிட்டு, சட்டையைக் கொடியில் பழையபடி மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை அப்பா, ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் கோட்டைக்குப் போகிறோம் என்று அறிவித்தார். தன் தம்பி என்றைக்கு வருகிறான் என்பது அம்மாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வயிற்றுவலி என்று அவள் வீட்டில் இருந்திருக்கலாம். இருந்து என்ன பயன்? அவர் இல்லாதபோது அழைத்தால் என்னை அழைக்கவில்லை என்பார், இன்னும் ஏழு வருஷம் ஓட்டுவார். அவர் இருக்கிற இடத்துக்கே அழைப்பு போக வேண்டும். சனிக்கிழமை அம்மா பொன்னாயி அத்தையிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். ஞாயிறு விடியற்காலையில் இரண்டு தூக்குப்போசி நிறையப் புளிச்சோறும் ஒரு போசி தயிர்ச்சோறும் கட்டினாள். ஒரு கட்டு வாழையிலையும் எடுத்துக்கொண்டாள். நாலு பேருக்கு எதற்கு இவ்வளவு என்று அப்பா கேட்டார். கோட்டை ஏறினால் பசிக்கும் என்றாள்.

நாமக்கல் கோட்டை ஒற்றைப் பாறை மேல் இருக்கிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பாறையில் வெட்டின ஒரே படிவரிசைதான். அன்றைக்குக் குரங்கு வரவில்லை, நடை சாத்தவில்லை, அப்பா வெகு உற்சாகமாக இருந்தார். மதில் ஓரம் நின்று கீழே குளத்தைக் காட்டினார். பத்து மணிக்கே பசி என்றான் தம்பி. அம்மா போசியைத் திறக்கவில்லை. படிகள் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

பதினொன்றரை மணிக்குத் தங்கமுத்து மாமா மேலே வந்தார். பொன்னாயி அத்தை இடம் சொல்லி அனுப்பியிருந்தாள். கூட மாமாவின் உறவுக்காரர்கள் நாலு பேர், ஒருவர் கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள் தடவின பத்திரிகை. வெயிலில் ஏறி வந்ததில் மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பா அவரைப் பார்த்தார், படியைப் பார்த்தார். படி நிறைய ஜனம். மாமா குனிந்து கும்பிட்டு, அக்காவும் நீங்களும் வந்து கல்யாணத்தை நடத்திக் கொடுக்க வேண்டும் என்று தட்டை நீட்டினார். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஊட்டுக்கு வந்து வெக்கோணும். பாறை மேல வெச்சா அது அழைப்பாகுமா?"

"ஊடு மூணு வாரமாப் பூட்டியிருக்குதுங்க மாமா" என்றார் தங்கமுத்து மாமா. குரல் உயரவில்லை. பழைய குறை ஒன்று அப்படியே கிடக்கிறது, மறந்துவிட்டீர்களா என்று அப்பா சத்தம் போட்டார். கோட்டை பார்க்க வந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் பந்திக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். நாமக்கல்லுக்கே கேட்டிருக்கும்.

அம்மா எழுந்தாள். பாறையில் தண்ணீர் தெளித்து, கட்டைப் பிரித்து ஓர் இலையை எடுத்துக் கிழக்குப் பார்க்க விரித்தாள். அந்த ஒன்றை மட்டும்தான் விரித்தாள். புளிச்சோறு வைத்தாள், பக்கத்தில் தயிர்ச்சோறு வைத்தாள்.

"ஏனுங்க, இது மொதப் பந்தி. மொத எல. என்ற தம்பி நின்னுட்டு இருக்கறான், இத்தனை சனம் பாக்குது. உக்காருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மாமா செம்பை எடுத்துக் கை கழுவத் தண்ணீர் ஊற்றக் குனிந்தார். அப்பா இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு வருஷம் கேட்ட இலை காலடியில் கிடந்தது. அவர் முகம் கறுத்துப்போனது. பிறகு இலையைத் தாண்டிப் படியை நோக்கி நடந்தார். இரண்டு படி இறங்கித் திரும்பி, போகிறவள் அங்கேயே இருந்துகொள்ளட்டும், திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா முந்தானையை விரித்து, தன் தம்பி கொடுத்த வெற்றிலையை வாங்கினாள். அதன்பிறகு மற்ற இலைகளை விரித்தாள். அத்தனை பேரும் சாப்பிட்டோம். அப்பாவின் இலையை யாரும் தொடவில்லை.

அங்கிருந்தே எங்களை அழைத்துக்கொண்டு ராசிபுரம் பஸ் ஏறினாள். மாசி முகூர்த்தத்தில் தன் தம்பிக்குப் பக்கத்தில் கூறைச்சேலை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் ஊருக்கு வந்தால், எங்கள் வீட்டுக் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. அப்பா காட்டில் இருந்தார், கூப்பிட்டும் வரவில்லை. அம்மா பொன்னாயி அத்தை வீட்டு அம்மிக் குழவியை வாங்கி வந்து மூன்றே அடியில் பூட்டை உடைத்தாள். பொழுது சாய வந்த அப்பா உடைந்த பூட்டைப் பார்த்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு இருவரும் நேராகப் பேசிக்கொண்டது குறைவு. சோறு வேண்டுமா என்பதைக்கூட என்னைவிட்டுக் கேட்கச் சொல்வார்கள். வீட்டில் யார் சாப்பிடுவதற்கும் முன்னால் அம்மா அப்பாவுக்குத்தான் இலை போட்டாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மரியாதை என்று ஊர் நினைத்தது. அப்பாவுக்கு அது என்னவென்று தெரியும். தினமும் அதில் உட்கார்ந்து தின்றார்.

1990இல் கருப்பண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் மணமாகிச் சேலம் அம்மாபேட்டையில் குடியிருந்தேன். அவனுக்கு நான் ஒருத்திதான் கூடப் பிறந்தவள். ஞாயிறு காலை அழைக்க வருகிறோம் என்று அப்பா கையால் எழுதின கார்டு வந்தது. வீட்டில் இருக்கவும் என்று கடைசியில் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் பதினாலு வருஷக் கோபம் மொத்தமாக வந்தது. ஞாயிறு காலை கணவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். தம்பி கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க மாட்டேன். ஆனால் அவர் பூட்டின கதவைப் பார்க்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு வந்தார்கள். அப்பா கையில் வெற்றிலைத் தட்டு. பூட்டைப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் இப்படியும் அப்படியும் நடந்தார். வெயில் ஏறியது. பத்து மணிக்கு, போகலாம் என்று அம்மாவிடம் கோபமாகச் சொன்னார். அம்மா தெருவைப் பார்த்தாள், எதிர் ஜன்னலைப் பார்த்தாள். என் மேல் அவள் கண் நின்றது. நான் விலகவில்லை. அவள் என்னைக் கூப்பிடவும் இல்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு வாசற்படியில் நிதானமாக உட்கார்ந்தாள்.

"அவசரம் என்னங்க. கோட்டை பாக்கப் போயிருப்பாங்க. வர்ற வரைக்கும் இப்படி உக்காருங்க."

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.