நிற்கும் லொறிக்குக் கட்டணம் இல்லை

மோர்டனில் சுரங்க ரயில் முடிந்துவிடும். அங்கிருந்து பஸ் எடுத்துத்தான் எங்கள் தெருவுக்கு வரவேண்டும். அது லண்டன்தானா என்று கேட்டால், அங்கே இருக்கிறவர்களே யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். லண்டனுக்குள் ஓடும் பழைய டீசல் வண்டிகளுக்கு அறவிடும் புகைக் கட்டணத்துக்குப் பூட்டிய கமராக்கள் யோசிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய தமிழர். பழைய டீசல் லொறி ஒன்றில் மொத்தச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றித் தமிழ்க் கடைகளுக்குப் போடுவார். 2008 கோடையில் அந்த அளவு லொறிகளுக்கும் கட்டணம் வந்தது. ஒருநாள் ஓடினால், அந்த நாளின் உழைப்பைவிடக் கட்டணம் கூட. அன்றிலிருந்து லொறி ஒரு டயர்க் கடையின் பின்முற்றத்தில் நின்றது. நின்றால் கட்டணம் இல்லை. அவர் வாடகைக்கு எடுத்த ஒரு சிறு வானில் பாதிச் சரக்கு ஏற்றினார். கடைகள் ஒவ்வொன்றாக வேறு ஆட்களிடம் போயின. பற்றறி இறங்காமல் இருக்க ஞாயிறுகளில் பத்து நிமிடம் எஞ்சினை இயக்குவார். புகை கறுப்பாகத்தான் வந்தது. அதை அவரும் மறுத்ததில்லை.

புகைக்குழாயில் வடிகட்டி பூட்டினால் லொறி ஓடலாம். அதற்குப் பணம் சேர்க்க ஆறு மாதம் அவகாசம் வேண்டும். அவர் கேட்க நினைத்தது அவ்வளவுதான். அதை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, 2009 வசந்தத்தில், எங்கள் தொகுதி எம்.பி. மக்களைச் சந்திக்கும் ஒரு சனிக்கிழமை அவருடன் போனேன். அவருடைய ஆங்கிலம் பாதி ஜெர்மன். மொழிபெயர்க்க நான்.

வரிசை மண்டபத்தின் வாசலைத் தாண்டி நின்றது. ஏறக்குறைய எல்லோரும் தமிழர். இலங்கையில், வன்னியில் சண்டை இறுகியிருந்த நாட்கள்; அங்கே அகப்பட்ட உறவுகளுக்காக வந்தவர்கள்.

முன்னால் நின்ற கடைக்காரர் ஒருவர் திரும்பினார். "என்ன ஜெர்மன்காரர், எம்.பி. எலக்சனில உமக்கு வோட்டே இல்லை. ஏன் வந்து லைனைக் கூட்டிறீர்?"

உண்மைதான். இலங்கை கொமன்வெல்த் நாடு என்பதால், இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்த கடைக்காரருக்கு வோட்டு இருந்தது. ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு இல்லை.

"உமக்கு வோட்டு இருக்கு, லொறி இல்லை. எனக்கு லொறி இருக்கு, வோட்டு இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு மனிசன்."

சிலர் சிரித்தார்கள். கடைக்காரருக்குப் பக்கத்தில் நின்ற பெண் சிரிக்கவில்லை. அவர் கையில் ஒரு தாள். பதினொரு பெயர்கள், வயதுகளுடன். "அண்ணை, உங்கட ஆக்கள் வன்னியில எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"எங்கட ஆக்கள் எல்லாரும் ஐரோப்பாவில, தங்கச்சி."

பெண் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கடுதாசியைப் பொக்கற்றுக்குள்ள வையும்."

உள்ளே எம்.பி. களைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும், உங்கள் குடும்பமும் அங்கேதானா என்று கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"ஓம் எண்டு சொல்லும்."

"ஆர் இருக்கினம் உமக்கு அங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஆரோ இருக்கினம்தானே. சொல்லும்."

சொன்னேன். எம்.பி. எழுதிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாத லொறியை நானும் சொல்லவில்லை. மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

"அடுத்த மாதம் திரும்ப வருவம்," என்றேன்.

"அடுத்த மாதமும் இதே லைன்தான் நிக்கும்."

நிற்கவில்லை. அதற்குள் வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது. கேட்பதற்கு எவருக்கும் எதுவும் மிஞ்சவில்லை. அவருடைய கடைசிக் கடையும் அந்த இடைவெளியில் வேறு ஆளிடம் போயிருந்தது. அவகாசம் கிடைத்தாலும் ஏற்றுவதற்குச் சரக்கு இல்லை.

லொறியைப் பழைய இரும்புக்குக் கொடுத்தார். எடுக்க வருவதற்கு முன் என்னிடம் கேட்டார்: "நானே ஓட்டிக்கொண்டு போய்க் குடுத்தா அதுக்கும் கட்டணமோ?"

"ஓம்."

"முதல் திருப்பிலேயே ஸ்ரார்ட் வரும். பழுது ஒண்டும் இல்லை."

லொறித் திறப்பைக் கையிலேயே வைத்திருந்தார். ஒரு புதிய லொறி வந்தது. அவருடையதைக் கம்பி கட்டி இழுத்து முதுகில் ஏற்றியது. கமராக்கள் இருந்த வீதியால்தான் அது போனது, கட்டணம் இல்லாமல்.