உத்தரவு கேட்காத இதயம்

அராசெலிக்கு மாற்று இதயம் பொருத்திய மருத்துவர்கள் இரத்தக் குழாய்களைத் தைத்தார்கள். நரம்புகளைத் தைக்க அவர்களால் ஆகவில்லை. நமக்கெல்லாம் மூளையிலிருந்து இதயத்தை விரட்ட ஒரு நரம்பு வழி, இழுத்துப் பிடிக்க ஒன்று. அவளுக்கு இரண்டும் அறுந்துபோயின. பிடிக்க ஆளில்லாததால் சும்மா இருக்கும்போதே அது வேகமாகத் துடிக்கும். மேடு ஏறினாலோ, உடலை உசுப்பும் சுரப்பு இரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பிறகுதான் ஆடி அசைந்து வேகமெடுக்கும்.

போன வருடம் மெதெயின் நகர மலர் ஊர்வலத்தில், பூச்சுமை தூக்கும் சாந்தா எலேனா மலைக்காரர்கள் எல்லோரையும்போல அவளும் தெம்பைச் சேமிக்க உட்கார்ந்திருந்தாள். அழைத்ததும் பூ அடுக்கிய மரச்சட்டத்தை முதுகில் ஏற்றினாள். நாலடி வைப்பதற்குள் கண் இருட்டி விழுந்தாள். இந்த முறையும் விழுந்தால் ஊர்வலத்தில் அப்பா விட்டுப்போன இடம் தம்பி எவேலியோவுக்கு என்று வீட்டில் முடிவானது. பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை, விழுந்தால்தானே என்று சரி சொன்னாள்.

இந்த வருடம் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் தெருவில் மேலும் கீழும் விறுவிறுவென்று நடந்தாள்.

"உக்காருக்கா, மானம் போகுது. கழுதகூட சுமை ஏத்துறதுக்கு முன்னாடி சும்மா நிக்கும்," என்றான் எவேலியோ. மழை வரும் முன்பே மழைக்கோட்டு மாட்டியிருந்தான்.

"அதான் நீ நிக்கிறியேடா. என் இதயம் மூளை சொன்னா கேக்காது, கால் சொன்னாத்தான் கேக்கும்."

திடீரென்று மழை கொட்டியது. ஊர்வலம் தள்ளிப்போனது. எல்லோரும் கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். நின்றால் இதயம் மறுபடி தணிந்துவிடும். அவள் நனைந்தபடியே நடந்தாள். கால் கடுத்தது. சுமைக்கு முன்பே கால் ஓய்ந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை.

மழை விட்டதும் ஊர்வலம் கிளம்ப விசில் ஊதினார்கள். சட்டத்தை முதுகேற்றி, பட்டையை நெற்றியில் மாட்டி எழுந்தாள். கண் இருட்டவில்லை. கைதட்டலுக்கு நடுவே கடைசி வரை நடந்து, சுமையை இறக்கினாள்.

எவேலியோ நாற்காலியோடு ஓடிவந்தான். "இப்பவாச்சும் உக்காருக்கா."

"அடங்குன்னு சொல்லவும் அதுக்கு நரம்பில்லடா. நடந்துதான் ஆத்தணும்."

வெயில் வந்திருந்தது. அவன் வியர்வை தாங்காமல் மழைக்கோட்டைக் கழற்றினான். உள்ளே புத்தம்புதிய ஊர்வல உடை. அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவன் முகம் செத்துப்போனது.

"உனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள் நடந்துகொண்டே. "மடிச்சு வை. அடுத்த வருஷமும் நான்தான்."