மாமியாருக்கு ஒரு விளக்கவுரை

என் கணவர் ஐந்து வருடம் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். அந்த ஐந்து வருடத்தில் சபைக்கு வந்த மசோதாக்களில் பாதியாவது முதலில் எங்கள் வீட்டுச் சமையலறையில் விவாதத்துக்கு வந்திருக்கும். ஊரில் இருந்தால் நேரில் நின்று பேசிக் காட்டுவார். சென்னை விடுதியில் இருந்தால் போனில். நான் ஸ்பீக்கரைப் போட்டு, புளிச் சட்டிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

மசோதா என்றால் எப்படி இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. பிரிவு, உட்பிரிவு என்று படிக்கப் படிக்கத் தூக்கம் வரும். கடைசியில்தான் ஒரு பக்கம், சில சமயம் அரைப் பக்கம், ‘நோக்கக் காரண விளக்கவுரை’ என்று இருக்கும். இந்தச் சட்டம் எதற்கு, யாருடைய நன்மைக்கு, ஏன் இப்போது என்று அமைச்சர் தன் பெயரைப் போட்டுச் சொல்கிற பக்கம். இவர் அதைத்தான் முதலில் படிப்பார். பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் அந்தப் பக்கத்தைத் தன் தொகுதி மக்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. அடுப்பைப் பார்த்துக் கும்பிட்டு, “மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே” என்று ஆரம்பிப்பார்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். மாத்திரையை நீட்டினால் வாங்குகிறவர்கள் இது எதுக்கு, சாப்பிட்டால் என்ன பண்ணும் என்று கேட்பார்கள். அதே கேள்விகளைத்தான் நான் அவரிடம் கேட்பேன். இது யாருக்கு? சாப்பிட்டால் வேறு என்ன பண்ணும்? கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, ‘பணியாளர் நலன்’ என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடைப் பெண்கள் சாயங்காலம் என்னிடம் வந்து காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதைக் காட்டி மாத்திரை கேட்பார்கள், அதைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். மேசையைத் தட்டினார்களாம். அன்றைக்கு ராத்திரி போனில் அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்க வேண்டுமே, சட்டமே அவர் எழுதியதுபோல.

ஒரு தடவை மட்டும் அவர் சமையலறைக்கு வரவில்லை. மொட்டை மாடியில் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்.

துணி காயப்போட நான் மேலே போனபோது அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றுகொண்டு, “கடைமடைக்குத் தண்ணீர் சேர வேண்டுமென்றால்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். வாய்க்கால், குளம், ஏரிகளில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றுவதைக் கடுமையாக்குகிற திருத்த மசோதா. எனக்குப் புரிந்துவிட்டது. என் அம்மா வீடு வாய்க்கால் கரையில் இருக்கிறது.

வீடு என்றால் கரையோடு நிற்காது. அப்பா தன் காலத்தில் ஆற்றுக்கால் வாய்க்காலின் சரிவில் கருங்கல்லை நட்டு, அதன்மேல் அடுப்படியை இழுத்துக் கட்டினார். ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் போகும். பாத்திரம் கழுவிய தண்ணீர் நேராக அதில் விழும். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் இதே அமைப்புதான். சிறு வயதில் அந்த ஜன்னலில் உட்கார்ந்து சாப்பிட்டால் தனி ருசி. வாய்க்கால் மட்டும் வருடா வருடம் ஒடுங்கிக்கொண்டே வந்தது.

அந்த வாய்க்காலின் கடைசிக் கோடியில், பேராவூரணிக்கும் அப்பால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊர் அவருடையது. மேட்டூர் திறந்து, ஊரெல்லாம் நாற்று விட்ட பிறகும் அங்கே மண் வெடித்துக் கிடக்கும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே அவருடைய சின்னம்மா எங்கள் அடுப்படி ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, “இங்க நீங்க கழுவுற பாத்திரத் தண்ணிதான் எங்க ஊருக்கு வருது, அதுவும் கார்த்திகையில” என்று சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வருடக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று மாடியில் கேட்டேன்.

“சொன்னா, யாருக்குன்னு கேப்பே.”

“கேக்குறேன். யாருக்கு?”

“எங்க ஊருக்கு,” என்றார். தாளைத் திரும்ப வாங்கி மடித்தபடி, “நீ இன்னொண்ணும் கேப்பியே, சாப்பிட்டா வேற என்ன பண்ணும்னு. அதுக்குத்தான் மாடிக்கு வந்தேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. துணியை வாளியோடு அங்கேயே போட்டுவிட்டு இறங்கி வந்தேன். அவர் சொல்வது சரி என்பதுதான் அந்தக் கோபத்தைத் தாங்க முடியாததாக ஆக்கியது. தப்பாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கத்தித் தீர்த்திருப்பேன்.

அவர் சபையில் பேசியதை மருந்தறையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். வெடித்த வயலைச் சொன்னார். தண்ணீர் எல்லாருக்கும் பொது, வாய்க்கால் அதற்கான வழி என்றார். வீட்டை இடிப்பதற்கு முன்னால் மாற்று இடம் கொடுக்க வேண்டும், அதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றும் கேட்டார். அமைச்சர் பதில் சொல்லும்போது, உறுப்பினரின் கருத்து கவனத்தில் கொள்ளப்படும் என்றார். குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. இவர் கேட்டது சட்டத்தில் ஏறவில்லை. விண்ணப்பம் கொடுக்கிறவர்களுக்கு மாற்று மனை என்று பிறகு ஓர் உத்தரவு மட்டும் வந்தது. அதற்கு ஒரு கெடுவும் இருந்தது.

தெருவில் ஒருவரும் விண்ணப்பம் கொடுக்கவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டுப் போனாராம். “எம்.எல்.ஏ. மாமியார் வீடே இங்கதான இருக்கு, அத எவன் தொடப் போறான்?” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்த தைரியத்தை ஊட்டியது வேறு யாருமில்லை, என் அம்மாதான். என் மாப்பிள்ளை இருக்கிறவரைக்கும் ஒரு செங்கல்லை அசைக்க முடியாது என்று ரேஷன் கடை வரிசையில் நின்று சொல்லியிருக்கிறாள். அடுத்த வீட்டுக்காரர்கள் அந்த நம்பிக்கையில் புதுசாகச் சுவருக்குப் பூச்சு வேறு பூசிவிட்டார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தாசில்தாரிடம் சொல்லி அம்மா வீட்டை மட்டும் தப்பிக்க வைத்தாலும் தப்பு, சும்மா இருந்தால் கெடு முடிந்து தெரு முழுவதும் மனையில்லாமல் நடுரோட்டில் நிற்கும். நேரே போய்ச் சொல்லிவிடுவது என்று இவர் முடிவு பண்ணினார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. என் அம்மா அவரோடு நேராகப் பேசியதே கிடையாது. எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் பலரும் அப்படித்தான். மாப்பிள்ளை எதிரில் உட்கார மாட்டாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். “அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து” என்று அங்கிருந்து குரல் வரும். “போதும்னு சொல்லு” என்பார் இவர். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்று தமிழைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பேன். அப்பா போனபிறகு எங்களோடு வந்து இரு என்று எவ்வளவோ கூப்பிட்டும், மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று வரவே இல்லை.

கூட்டம் ரேஷன் கடைக்கு முன்னால் நடந்தது. பந்தல் போட்டிருந்தார்கள். கட்சிக்காரர் ஒருவர் எனக்கு மேடையில் நாற்காலி போட்டார். நான் போய் அம்மா பக்கத்தில், தெருக்காரர்களோடு உட்கார்ந்துகொண்டேன். அம்மா தூணுக்குப் பின்னால் பாதி முகம் மறைய உட்கார்ந்திருந்தாள்.

அவர் அடுப்புக்கு முன்னால் பேசுவது மாதிரியே பேசினார். அலங்காரம் எதுவும் இல்லை. தண்ணீர் ஏன் கடைசி ஊருக்குப் போகவில்லை, வாய்க்கால் எங்கே குறுகுகிறது, சட்டம் என்ன சொல்கிறது, எல்லாவற்றையும் சொன்னார். கூட்டம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டது. அம்மா என் தொடையை நிமிண்டினாள்.

“அவங்கள கேளு. அந்தக் காயிதத்துல நம்மளப் பத்தி என்னா எழுதியிருக்குன்னு கேளு.”

எழுந்து நின்று கேட்டேன். எம்.எல்.ஏ. பெண்டாட்டியே கேள்வி கேட்கிறாள் என்று சிலர் சிரித்தார்கள். அவருக்குக் கேள்வி யாருடையது என்று தெரியும். தூணைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“ஆக்கிரமிப்பாளர்கள்னு எழுதியிருக்கு. வேற ஒண்ணும் இல்ல. எடம் கொடுக்கணும்னு சபையில கேட்டேன், அது சட்டத்துல ஏறல. மனு கொடுக்கிறவங்களுக்கு மட்டும்தான் மனை. எங்க மாமியார் வீடும் போகும். அதக் காப்பாத்த என்னால முடியாது, காப்பாத்தவும் மாட்டேன். அத நம்பி யாரும் இருந்துடாதீங்க.”

ஒட்டுமொத்தத் தெருவும் என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா எழுந்து, கூட்டத்தின் நடுவிலேயே நடந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். அடுப்படி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. ஊர் முன்னால் என்னை இப்படி ஆக்கிட்டாரே உன் வீட்டுக்காரர் என்றாள். நான் அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அந்த நிமிஷமே உறவு அறுந்திருக்கும். பூச்சு பூசின அடுத்த வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரேஷன் கார்டும் ஆதார் கார்டும் இருந்த மஞ்சள் பையை அலமாரியிலிருந்து எடுத்தாள்.

“எம்பேச்ச நம்பித்தான ஒக்காந்திருந்தாங்க. நாளைக்கு என்னால கெட்டோம்னு ஒருத்தர் சொல்லக்கூடாது,” என்றாள்.

பந்தலுக்குத் திரும்பி வந்து, மேடையை ஏறிட்டும் பார்க்காமல், ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிராம நிர்வாக அலுவலரிடம் பையை நீட்டினாள். முதல் மனு அவளுடையது. மற்றவர்கள் அன்றைக்கே கொடுத்துவிடவில்லை. திட்டிவிட்டு, இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். பூச்சு பூசியவர்தான் கடைசி.

கெடுவுக்குள் மனு கொடுத்துவிட்டதால் எல்லாருக்கும் மனை கிடைத்தது. பஸ் ரோட்டிலிருந்து தள்ளி, மரம் மட்டை இல்லாத மேட்டு நிலம். தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதிலும் நாங்கள் போட்டதிலும் அம்மாவுக்கு ஒரு சின்ன வீடு எழும்பியது. அம்மாவுக்கு அதில் ஒன்றும் பிடிக்கவில்லை. காற்று வரவில்லை, குழாய்த் தண்ணீர் உப்பு, ராத்திரியில் சத்தமே இல்லாமல் தூக்கம் வரவில்லை என்பாள். வாய்க்கால் சத்தத்தைத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். பொக்லைன் வந்து பழைய அடுப்படியைத் தள்ளிய அன்று அவள் அந்தப் பக்கமே போகவில்லை. நான் போனேன். அப்பா நட்ட கருங்கல் வரமாட்டேன் என்று ரொம்ப நேரம் நின்றது.

அதற்குப் பிறகு இவர் என் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த குரலும் நின்றுவிட்டது. குழம்பு ஊற்று என்பதில்லை, மோர் கொடு என்பதில்லை. ஒரு செம்பு தண்ணீர் மட்டும் வெளியே வரும். அவர் குடித்துவிட்டு, செம்பை வைத்துவிட்டு வருவார். சபையில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவருக்கு அந்த மூடின கதவுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பாவமாக இருக்கும். இரண்டு பேரையும் பார்த்தாலும் பாவமாகத்தான் இருக்கும்.

அடுத்த வருடம் மேட்டூர் திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அம்மா வீட்டில் இருந்தபோது அவர் வீடியோவில் கூப்பிட்டார். தன் ஊர் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் பெண்கள் குலவை போடும் சத்தம். காய்ந்த சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, கலங்கலாக, தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆட்கள் பூவையும் நெல்லையும் அதில் போட்டார்கள். கார்த்திகை வருவதற்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. “பாரு, பாரு,” என்றார், குழந்தை மாதிரி.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, போனை என்னிடமிருந்து வாங்கியது.

“மாப்ள,” என்றாள் அம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இது நம்ம அடுப்படி இருந்த எடத்தத் தாண்டி வர்ற தண்ணிதானுங்களா?”

படத்தில் தண்ணீர் போய் அவர் முகம் வந்தது.

“ஆமாங்கத்தை,” என்றார். “அது வழியாத்தான் வருது.”

அம்மா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

“உங்க சின்னம்மாகிட்ட சொல்லுங்க. இனிமே இதுல எம்பாத்திரம் கழுவுன தண்ணி இல்லன்னு.”

அவர் முகத்தைக் காட்ட முடியாமல் போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவிட்டார். அம்மா நின்ற இடத்திலேயே நின்று, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.