நவமணியின் ரைட்

ஈஜோக்கிலிருந்து கோலா சிலாங்கூர் போகும் எங்கள் பஸ்ஸுக்கு நவமணிதான் கண்டக்டர். தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள், பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு சொல்: ரைட். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஊரையே ஆண்டாள் ஐயா!

பஸ் புறப்பட வேண்டுமா, "ரைட்!" சில்லறை சரியாக இருந்தால், "ரைட்." எவனாவது கதை அளந்தால், "ரை...ட்டு" என்று இழுப்பாள், அவன் வாயை மூடிக்கொள்வான். லோரி கவிழ்ந்து அவள் புருஷன் செத்த சேதியை வந்து சொன்னபோதுகூட, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு "ரைட்" என்றுதான் சொன்னாளாம்.

எனக்கு அந்தக் கத்தல் ஆகாது. "ஏம்மா, காது செவிடாப் போகுது!" என்று எரிந்து விழுவேன். "ரைட், அண்ணே!" என்று இன்னும் உரக்கக் கத்துவாள்.

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி புஷ்பவள்ளியின் கையில் பாம்பு கொத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக அந்த பஸ்ஸை விட்டால் வேறு வண்டி இல்லை. பாதி வழியில் பார்த்தால் சாலையைக் காணோம், எங்கும் செம்மண் வெள்ளம். இரண்டு பக்கமும் ஆள் முங்கும் வாய்க்கால்.

டிரைவர் செல்லன் பஸ்ஸை நிறுத்திவிட்டான். "முடியாது லா. வந்த வழியே பின்னால கோஸ்தான் அடிச்சுப் போயிடுறேன்."

"திரும்பினா இவ செத்துருவாடா!" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

நவமணி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். "நான் முன்னால நடக்குறேன். காலுக்குத் தார் தட்டுப்பட்டா ரைட் சொல்வேன். ரைட் வரலைன்னா நீ அசையக் கூடாது, செல்லா."

கொட்டுகிற மழையில் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. நீட்டிச் சொன்னால் செல்லன் மெதுவாக உருட்டினான். வெட்டிச் சொன்னால் வேகம் கொடுத்தான். தயங்கிச் சொன்னால் ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு ஒடித்தான். அம்மாடி, ஒரே சொல்லுக்குள் அத்தனை பெரிய சாலை இருந்தது!

திடீரென்று குரல் நின்றது.

செல்லன் பிரேக்கை மிதித்தான். புஷ்பவள்ளி, "அக்காவைக் கூப்பிடுங்க" என்று முனகினாள். "நவமணி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

பிறகு முன்னாலிருந்து ஒரு இருமல். "இங்க வாய்க்கால்! கழுத்து வரைக்கும் போயிட்டேன். இடது பக்கமா ஒடி!" தார்ச்சாலைக்கு ஏறி நின்று, மூச்சு வாங்க, "ரைட்!" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

புஷ்பவள்ளி பிழைத்துக்கொண்டாள். வீடு திரும்ப அதே பஸ்ஸில் ஏறினோம். அவள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, "ரைட்டா?" என்று மெல்லக் கேட்டாள் நவமணி. "ரைட், அக்கா" என்றாள் இவள். எல்லாரும் ஏறிய பிறகும் நவமணி ரைட் கொடுக்காமல் என்னையே பார்த்தாள்.

"என்ன அண்ணே, கத்தினா காது செவிடாப் போகுமே?"

"கிடக்குது காது. நல்லாக் கத்து, தாயே!"

கத்தினாள்.