பக்கத்து சீட்டின் பிரேக்

என் வீட்டுக்காரரின் தொழில் கார் ஓட்டுவது இல்லை. மற்றவர்கள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. சிரிக்காதீர்கள், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்றால் அதுதான் வேலை. ஸ்டியரிங் கற்றுக்கொள்ள வந்தவர் கையில் இருக்கும், இவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். வந்தவர் பதறிப்போய் எதையாவது மிதித்து வைத்தால் இவர் தன் பிரேக்கை மிதிப்பார். அதுவும் அலுங்காமல் மிதிப்பார். வண்டியைத் தாங்களே நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு பாதிப் பேர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கோபம் வந்தால் எனக்கும் மாஸ்டர்தான்.

ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவருக்குப் பெண்டாட்டிக்குக் கற்றுத்தரப் பொறுமை இல்லை. கிளட்சை விடு, கிளட்சை விடு என்று அவர் கத்திய கத்தலில் நடுரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தவள் நான். அதோடு சரி, ஸ்டியரிங்கை நான் தொட்டதில்லை.

அந்த மனுஷனுக்குத்தான் நெஞ்சில் மூன்று இடத்தில் அடைப்பு. எலும்பை அறுத்து, ஆபரேஷன் செய்து, கம்பி போட்டுக் கட்டி அனுப்பினார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "கார் ஓட்டக்கூடாது. எலும்பு சேரக் குறைஞ்சது ஒன்றரை மாசம் ஆகும், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும். அதுவரை முன் சீட்டும் வேண்டாம், ஏர்பேக் விரிஞ்சா நெஞ்சிலதான் அடிக்கும். பின்னாடி உக்காருங்க. பெல்ட் கண்டிப்பா போடணும், பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இதை வெச்சுக்குங்க." ஒரு சின்னத் தலையணையைக் கையில் கொடுத்தார். இருமல் வந்தாலும் தும்மல் வந்தாலும் அதைத்தான் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

என் தம்பி காரில் வந்து கூட்டிப் போனான். பின் சீட்டில் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன், வழியெல்லாம் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். சிக்னல் வந்தால் மிதி, திருப்பம் வந்தால் மிதி. தம்பி கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

"மாமா, நீங்க மிதிச்சா கார் நிக்காது. காலுக்குக் கீழ இருக்கற மேட்டுதான் கிழியும்."

"நீ ஒழுங்கா ஓட்டினா நான் ஏன்டா மிதிக்கப்போறேன்?"

சிரித்தால் நெஞ்சு வலிக்கும் என்று அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் யார் காரில் ஏறினாலும் இவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாளாவது வாயையும் காலையும் கட்டிக்கொண்டு வாருங்களேன் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சாய்வு நாற்காலியில் தூங்கினார், நான் பக்கத்தில் தரையில். அவர் இருமினால் எழுந்திரு, மாத்திரைக்கு எழுந்திரு, இருமாமல் இருந்தால் ஏன் சத்தமே இல்லை என்று எழுந்திரு. தண்ணீர்க் குடத்தை நகர்த்தக்கூடாது, இறுகிய ஜன்னலைத் தள்ளக்கூடாது, சட்டையை நான் மாட்டிவிட வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டு, நான் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அலுத்துவிட்டது. அவர் பிழைத்து வந்தாரே என்று சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

இதற்கு நடுவில் அவருக்கு ஒரே கேள்வி. எப்போது வேலைக்குப் போகலாம்? என்னைக் கேட்பார், தம்பியைக் கேட்பார், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் பெண்ணையும் விடவில்லை. "சார், நான் ரத்தம் எடுக்கத்தான் வந்தேன்" என்று அந்தப் பெண் தப்பித்து ஓடியது. அவருக்குப் பதிலாக முதலாளி வேறொருவரை வைத்துவிட்டார். இந்த வீட்டில் இவரை ஆட்டிப்படைத்தது வலி இல்லை, அந்த வேறொருவர்.

போதாக்குறைக்குத் தையல்காரம்மா வந்து சேர்ந்தாள். எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள், லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை தோற்றவள். மூன்றாவது டெஸ்ட் அடுத்த வாரம்.

"புதுசா வந்த அந்த ஆளு கத்துற கத்துல எனக்குப் பிரேக் எதுன்னே மறந்துபோகுது மாஸ்டர். நீங்க சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்" என்றாள். பிறகு தலையணையைப் பார்த்தாள். "உறை பிரிஞ்சிருக்கே, குடுங்க, ஒரு தையல் போட்டுத் தர்றேன்." வந்த இடத்திலும் தொழில் புத்தி.

ஒன்றரை மாதக் கணக்கு முடிந்து, மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்தார், எலும்பு சேர்ந்து வருகிறது என்றார். "மயக்கம் இல்ல, தூக்க மாத்திரையும் இல்ல. சொந்த வண்டிய வேணும்னா பக்கத்துல கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க. ஆனா ஒண்ணு. திடீர்னு பிரேக் போடணும்னா நெஞ்சை நினைக்காம போட வருதான்னு உங்களுக்குத்தான் தெரியும். வரலேன்னா இன்னும் கொஞ்ச நாள் விடுங்க. தொழிலுக்குப் போறது வேற விஷயம். அடுத்த தடவை ஹார்ட் டெஸ்ட் எடுத்துட்டுத்தான் சொல்வேன்."

வெளியே வந்து வராந்தாவில் நிற்கிறார், முகமெல்லாம் வெளிச்சம்.

"ஓட்டலாம்னுட்டாங்க."

"தொழிலுக்கு வேண்டாம்னாங்களே, காதுல விழலையா?"

"தொழில்ல நான் எங்கடி ஓட்டுறேன்? உக்காரத்தானே செய்யுறேன்!"

"அதை உள்ள கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேண்டாம்பாங்க."

இப்படிப் பேசுகிறவரோடு என்ன மல்லுக்கட்டுவது? அன்று வீட்டில் ஒரு ரகளை ஆனது. கத்தினேன், அழுதேன், தட்டை நங்கென்று வைத்தேன். அவர் அசையவில்லை. "உக்காந்து உக்காந்து நான் உதவாக்கரை ஆயிட்டேன். ஒரே ஒரு நாள் போயிட்டு வந்துடறேன்" என்றார். உதவாக்கரை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. சரி, நானும் பின் சீட்டில் வருவேன் என்று சொல்லிவிட்டேன். முதலாளியிடம் இவர் போனில் டாக்டரம்மா சொன்னதில் பாதியைச் சொன்னார். எந்தப் பாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் டிரைவிங் ஸ்கூல் வண்டி வந்தது. தையல்காரம்மா ஸ்டியரிங்கில், இவர் பக்கத்தில். பெல்ட், பெல்ட்டுக்குள் தலையணை, காலடியில் அவருடைய பிரேக். ஏறி உட்கார்ந்ததும் அந்த பிரேக்கை இரண்டு தடவை மெல்ல மிதித்துப் பார்த்தார். எனக்கே ஒரு நிமிடம் மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

"அவசரம் வேண்டாம்மா. கண்ணாடியப் பாரு. ம், மெதுவா." என்னிடம் கத்திய அதே வாய்தான், அவளிடம் அப்படி ஒரு தன்மை! பள்ளிக்கூடத்தைத் தாண்டினோம், மரக்கடையைத் தாண்டினோம். அவளுக்கு நன்றாகவே வந்தது.

ஓரமாக ஒரு லாரி நின்றிருந்தது. அதன் பின்னாலிருந்து சைக்கிளில் ஒரு பெரியவர் குறுக்கே வந்துவிட்டார்.

நான் பார்த்தது சைக்கிளை இல்லை, இவரை. இவருடைய இரண்டு கையும் பாய்ந்து தலையணையை அள்ளிப் பிடித்தன. முழங்கால்கள் நெஞ்சை நோக்கி ஏறின. பிரேக்கின் மேல் கால் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வண்டி குலுங்கி நின்றது. இவர் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. சைக்கிளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று பெரியவர் திட்டிவிட்டுப் போனார்.

தையல்காரம்மா இவர் பக்கம் திரும்பினாள். "அப்பாடா! நல்லவேளை நீங்க மிதிச்சீங்க மாஸ்டர். இல்லேன்னா அந்த மனுஷன் போயிருப்பாரு."

இவர் ஒரு ‘ம்’ போட்டிருந்தால் போதும். அவளுக்குத் தெரியப்போவதில்லை. இவர் மிதித்ததையே தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன், சத்தியமாக.

"நான் மிதிக்கலம்மா" என்றார். "நீதான் மிதிச்ச."

"சும்மா சொல்லாதீங்க!"

"என் கால் பிரேக்லயே இல்ல, மேல தூக்கி இருந்துச்சு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நானா, நானா என்று திரும்பித் திரும்பி என்னைக் கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார். "வேற ஆள அனுப்புங்க. டாக்டரம்மா தொழிலுக்கு இன்னும் சொல்லல, நான்தான் முந்திக்கிட்டேன். எப்ப வருவேன்னு தெரியல. தையல்காரம்மாகிட்ட மட்டும் கத்த வேண்டாம்னு அந்த ஆளுகிட்ட சொல்லிடுங்க."

"நீங்க இல்லாம எனக்கு எப்படி மாஸ்டர்?" என்றாள் அவள்.

"இப்ப நான் இல்லாமத்தானே நிறுத்தின."

என் தம்பி காரை எடுத்துக்கொண்டு வந்தான். யாரும் சொல்வதற்கு முன்பே பின் கதவைத் திறந்து ஏறினார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார், தலையணையை வைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் ஏறினேன். ஜெயித்தது நான்தான். ஓட்டவேண்டாம், போகவேண்டாம் என்று தொண்டை வற்றக் கத்தியவள் நான்தான். இப்போது அவராகவே அடங்கிவிட்டார், எனக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை.

சிக்னல் வந்தது. அவர் காலைப் பார்த்தேன். அசையவில்லை. அடுத்த திருப்பத்தில் தம்பி கொஞ்சம் வேகமாகத்தான் வளைத்தான். அப்போதும் அசையவில்லை.

"என்னங்க, முன்னால வேன் நிக்குது பாருங்க" என்றேன்.

"அவன் பார்த்துப்பான்" என்றார் கண்ணைத் திறக்காமல்.

நான் என் காலால் தரையை மிதித்தேன்.