துளைக்குள் நின்ற தண்ணீர்

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. உயர்தரப் பரீட்சை தொடங்குவதற்கு முதல் நாள். கனமூலையிலிருந்து புத்தளத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் என் வான், மதுரங்குளிக்குப் பக்கத்தில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தேன். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது.

மறுநாள் காலை அதில் ஏற இருந்தவர்கள் எல்லோரும் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ்ஸும் இல்லை. கேட்ட கராஜ்களிலெல்லாம் ஒரு கிழமையாவது வேண்டும் என்றார்கள். மீன் வியாபாரம் செய்யும் என் கூட்டாளிதான், "உடப்புக்குக் கொண்டு போ மச்சான். வன்னியிலருந்து வந்த ஒருத்தர் ஈக்கார். என்ட லொறி எஞ்சினையும் அவர்தான் கட்டித் தந்த" என்றான்.

டிரக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனோம். தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்து, நாளைக்கே ஓட வேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வானைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் கணவரைக் கைபிடித்து அழைத்து வந்தார். அவருக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் பெரிய தழும்பு. இரண்டு கண்களும் இல்லை. கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து போனதாம்.

கூட்டாளி இதைச் சொல்லவே இல்லை. திருப்பிக் கொண்டு போவோமா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நானா, நாளைக்கு எப்ப வெளிக்கிடோணும்?" எங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல அழைத்துக் கேட்டார்.

"விடிஞ்சதும் போகணும் தம்பி. சோதினைக்குப் போற புள்ளைகள்."

"அப்ப கதைச்சுக்கொண்டு நிக்க நேரமில்லை" என்றவர் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார்.

நான் புத்தளத்துக்குப் போய்ப் எஞ்சினின் இரு பாகங்களுக்கு நடுவே தண்ணீர் கசியாமல் வைக்கும் புதிய கேஸ்கெட் வாங்கிக்கொண்டு வருவதற்குள், எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து, அதன் திருகுப் புரியில் நகத்தை வைத்து மெல்லச் சுழற்றிப் பார்த்தார். ஒரு மணல் தட்டுப்பட்டாலும் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார். அடுத்து, எஞ்சினில் போல்ட் இறங்கும் துளைகளுக்குள் மெல்லிய குழாயை விட்டு ஊதினார். சில துளைகளில் காற்று திரும்பி வந்தது. சிலவற்றில் அந்தக் காற்று, எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழியால் வெளியேறியது. அங்கே கையை வைத்திருந்த மனைவி "வருது" என்றார். அந்தத் துளைகளுக்கு உரிய போல்ட்டுகளின் புரியில் அவர் பசை பூசினார். மற்றவற்றுக்குக் கொஞ்சம் ஒயில்.

எல்லாவற்றுக்கும் ஒன்றையே பூசினால் என்ன என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ள போறதுக்குப் பசை இல்லாட்டி, புரி வழியத் தண்ணி ஏறி வரும். மற்றதுக்கு ஒயில் இல்லாட்டி, உரஞ்சியே எங்கட பலம் எல்லாம் போயிடும். இறுகாமலே இறுகின மாதிரிக் காட்டும்."

இறுக்கத்தை முள் காட்டும் நீண்ட ஸ்பனரை அவர் இழுக்க, மனைவி முள்ளைப் பார்த்துச் சொன்னார். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, முதல் சுற்று. ஒரு போல்ட்டில் மனைவி "சரி" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். முள் சரியான இடத்தில்தான் நின்றது. அவர் மட்டும் அசையவில்லை. போல்ட்டின் தலைக்குக் கீழே விரலை விட்டுத் தடவினார்.

"இது இறுகேல்லை, தலை இன்னும் பதியேல்லை. அடியில என்னவோ நிண்டு தள்ளுது."

கழற்றி எடுத்தார். போல்ட்டின் நுனி நனைந்திருந்தது. அடி மூடிய துளை. கழுவிய தண்ணீர் அதற்குள் தங்கியிருக்கிறது.

"தண்ணி அமுங்காது நானா. இன்னும் இறுக்கியிருந்தா எஞ்சின் வெடிச்சுப் பிளந்திருக்கும்."

"நான் துடைச்சனான் எல்லோ" என்று மனைவி கலங்கினார். "துடைச்சனீதான். துளை ஆழம், நான் ஊதின காத்தும் அடிவரை போகேல்லை. அதுக்கு நீ என்ன செய்யிறது" என்று அவர் சிரித்தார். எல்லா போல்ட்டையும் கழற்றி, துளைகளைக் காயவைத்து, முதலிலிருந்து தொடங்கினார்கள்.

இதெல்லாம் எப்படி முடிகிறது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"கண் போன புதுசில முகாமில சும்மா கிடந்தனான். சாப்பிடவும் மனமில்லை. ஒருநாள் இவ எங்கையோ கிடந்த போல்ட் ஒண்டைக் கையில தந்து, இது எதின்ட எண்டு கேட்டா. சொன்னன். அடுத்த நாள் இன்னொண்டு கொண்டு வந்தா."

மனைவி அடுத்த போல்ட்டை அவர் கையில் வைத்தார்.

சூரியன் மறைந்து மஃரிப் தொழுகை தொடங்கும் முன்னரே எஞ்சின் இயங்கத் தொடங்கிவிட்டது. அதன்மேல் கையை வைத்து வெகுநேரம் நின்றவர், "கொண்டு போங்கோ" என்றார்.

விடிந்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பின்னால் பாடம் சொல்லிப் பார்க்கும் சத்தம். பாலாவி உப்பளங்களைத் தாண்டும்வரை சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுவை விட்டு நகரவில்லை. பாடசாலை வாசலில் கடைசியாக இறங்கிய பிள்ளை, "துஆ செய்யுங்க சாச்சா" என்று சொல்லிவிட்டு ஓடியது. அவர்களுக்கும், உடப்பில் இருக்கும் அந்த இருவருக்கும் சேர்த்தே அல்லாஹ்விடம் கேட்டேன்.

கண் திறந்திருந்த எங்களுக்குத் தெரியாதது அந்த விரலுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அல்லாஹ் ஒரு மனிதனுக்குள் எவ்வளவு வைத்திருக்கிறான் என்று வியந்து நிற்க, அந்த ஒரு பகல் எனக்கு ஆயுளுக்கும் போதும்.